டேவிட் புரூஸ்

சர் டேவிட் புரூஸ் (மே 29, 1855 - நவம்பர் 27, 1931) ஆஸ்திரேலியாவில் பிறந்து ஸ்காட்லாந்தில் வளர்ந்த பிரித்தானிய இராணுவ மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். மால்ட்டாக் காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாவையும், ஆப்பிரிக்கக் கால்நடைகளைக் கொல்லும் நகானா நோயின் ஒட்டுண்ணியையும் கண்டறிந்தவர் இவரே. நகானாவும் மனிதரைத் தாக்கும் ஆப்பிரிக்க உறக்க நோயும் செட்சி ஈயின் கடியால் பரவுகின்றன என்பதையும் இவர் நிறுவினார். புரூசெல்லா என்னும் பாக்டீரியாப் பேரினமும், புரூசெல்லோசிஸ் என்னும் நோயும், திரிப்பனோசோமா புரூசெய் என்னும் ஒட்டுண்ணியும் இவருடைய பெயரைத் தாங்கியுள்ளன.

நோய்க்கிருமி ஒன்று, நோயின் அறிகுறி எதையும் காட்டாத விலங்கின் உடலில் நெடுங்காலம் தங்கியிருந்து பிற உயிர்களுக்குத் தொற்றலாம் என்னும் கருத்து இவருடைய ஆய்வுகளால் வலுப்பெற்றது. மால்ட்டாவில் அவ்விலங்கு ஆடு. ஆப்பிரிக்காவில் மறிமானும் எருமையும். இத்தகைய விலங்குகளை நோய்த்தேக்கம் என்று அறிவியலாளர் அழைக்கின்றனர். மனிதரையும் கால்நடைகளையும் காக்கக் காட்டு விலங்குகளை அழிக்கலாமா என்ற கேள்வியும் இவருடைய ஆய்வுகளிலிருந்தே எழுந்தது. அதற்கு இவர் அளித்த விடை இன்றும் விமர்சிக்கப்படுகிறது.

இளமையும் கல்வியும்

புரூசின் பெற்றோர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தவர்கள். 1850களில் ஆஸ்திரேலியாவில் தங்க வேட்டை நடந்த காலத்தில் அங்குக் குடியேறினர். மெல்பேர்ண் நகரில் புரூஸ் பிறந்தார். இவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி ஸ்டெர்லிங் நகரில் குடியமர்ந்தது. 14ஆம் வயதில் பள்ளிப் படிப்பை விட்டு மான்செஸ்டரில் ஒரு வணிகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். நல்ல உடற்கட்டுக் கொண்ட இவர் விளையாட்டு வீரராக வேண்டும் என்று விரும்பினார். ஆனால் 17ஆம் வயதில் ஏற்பட்ட நிமோனியா அந்த விருப்பத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

1876 இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கச் சேர்ந்த புரூஸ், நண்பர் ஒருவரின் அறிவுரையால் மருத்துவத்திற்கு மாறி 1881 இல் பட்டம் பெற்றார். பறவைகளிலும் இயற்கை வரலாற்றிலும் இளமையிலேயே இருந்த ஈடுபாடு, பின்னாளில் ஈக்களையும் காட்டு விலங்குகளையும் ஆராயும்போது இவருக்குப் பயன்பட்டது. இங்கிலாந்தின் ரைகேட் நகரில் துணை மருத்துவராகப் பணியாற்றியபோது மேரி எலிசபெத் ஸ்டீல் என்பவரைச் சந்தித்து 1883 இல் மணந்தார். அதே ஆண்டில் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

மால்ட்டாக் காய்ச்சல்

1884 இல் புரூஸ் மத்தியதரைக் கடலில் உள்ள மால்ட்டாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். மால்ட்டா அப்போது பிரித்தானியாவின் முக்கியக் கடற்படைத் தளமாக இருந்தது. அங்கிருந்த போர் வீரர்களும் மாலுமிகளும் ஒரு விந்தையான காய்ச்சலால் ஆண்டுதோறும் பெருந்தொகையில் படுக்கையில் விழுந்தனர். காய்ச்சல் வாரக்கணக்கில் நீடிக்கும், தணியும், மீண்டும் ஏறும். மூட்டுவலியும் மிகுந்த வியர்வையும் சோர்வும் உடன் இருக்கும். இறப்பவர் குறைவு என்றாலும் நோயாளி மாதக்கணக்கில் செயலற்றுப் போவார். கெட்ட காற்றும் துறைமுகச் சாக்கடையும் காரணம் என்று அக்காலத்தில் பலர் கருதினர்.

இக்காய்ச்சலால் இறந்த வீரர்களின் மண்ணீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்த புரூஸ், அதில் மிகச் சிறிய உருண்டை வடிவ நுண்ணுயிர்களைக் கண்டார். மால்ட்டா மருத்துவர் ஜியுசெப்பே கருவானா சிக்லுனா அவற்றை வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்க உதவினார். வளர்த்தெடுத்த நுண்ணுயிரைக் குரங்குகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் காய்ச்சல் கண்டது. 1887 இல் வெளியிட்ட கட்டுரையில் இந்நுண்ணுயிரே நோய்க்குக் காரணம் என்று புரூஸ் அறிவித்தார். பின்னர் இதற்கு மைக்ரோகாக்கஸ் மெலிட்டென்சிஸ் என்று பெயரிட்டார். மெலிட்டா என்பது மால்ட்டாவின் பழைய இலத்தீன் பெயராகும்.

கிருமி அகப்பட்டாலும், அது மனித உடலுக்குள் எவ்வாறு நுழைகிறது என்பது விளங்கவில்லை. விடை கிடைக்க மேலும் 18 ஆண்டுகள் ஆயின.

மால்ட்டாவை விட்டு நீங்கிய பின் பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் சில காலம் பயின்ற புரூஸ், 1889 முதல் 1894 வரை இங்கிலாந்தின் நெட்லியில் இருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியில் நோயியல் துணைப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

சூலுலாந்தில் நகானா ஆய்வு

1894 இல் புரூஸ் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்றத்திற்கு மாற்றப்பட்டார். அதன் ஆளுநர் சர் வால்ட்டர் ஹெலி ஹட்சின்சன் இவரை மால்ட்டாவிலேயே அறிந்திருந்தவர். சூலுலாந்தின் வடபகுதியில் கால்நடைகளைக் கொன்று வந்த நகானா என்னும் நோயை ஆராயும்படி அவர் கேட்டுக்கொண்டார். நகானா என்பது சூலு மொழிச் சொல்லிலிருந்து வந்தது. இந்நோய் கண்ட மாடுகளும் குதிரைகளும் நாளுக்கு நாள் மெலிந்து, இரத்தசோகை கண்டு, வலுவிழந்து மடியும்.

நோயின் காரணம் பற்றி இரண்டு கருத்துகள் நிலவின. அப்பகுதியில் பயணம் செய்த ஐரோப்பியர் செட்சி ஈயைக் குற்றம் சாட்டினர். டேவிட் லிவிங்ஸ்டன் முதலான பயணிகள் இந்த ஈயின் கடி கால்நடைக்கு நஞ்சு என்று எழுதியிருந்தனர். சூலு மக்களோ பெரிய காட்டு விலங்குகள் திரியும் இடத்தில்தான் நோய் வருகிறது என்றும், அவ்விலங்குகளின் எச்சில் பட்ட புல்லையும் நீரையும் உட்கொள்வதால் மாடுகள் நோயுறுகின்றன என்றும் கருதினர். இரண்டு கருத்துகளிலும் ஒரு பகுதி உண்மை இருந்ததை புரூசின் ஆய்வு வெளிக்கொணர்ந்தது.

புரூசும் மேரியும் மாட்டு வண்டியில் வாரக்கணக்கில் பயணம் செய்து உபொம்போ என்னும் மலைமேல் உள்ள இடத்தை அடைந்தனர். அங்கு ஒரு மண் குடிசையே இவர்களது வீடு; அதன் தாழ்வாரமே ஆய்வகம். மலைமேல் செட்சி ஈ கிடையாது. மலையடிவாரத்துப் புதர்க்காடுகளில் அது மிகுதியாக இருந்தது. இந்த அமைப்பு ஆய்வுக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது.

முதலில் பாக்டீரியாவைத் தேடிய புரூஸ், நோயுற்ற மாட்டின் இரத்தத்தில் நெளிந்து நீந்தும் ஓர் உயிரியைக் கண்டார். அது கசையிழை கொண்ட ஒற்றைச் செல் உயிரியான திரிப்பனோசோமா ஆகும். இவ்வகை உயிரி முற்றிலும் புதியதன்று. 1880 இல் இந்தியாவின் பஞ்சாப் பகுதியில் குதிரைகளையும் ஒட்டகங்களையும் தாக்கிய சுர்ரா நோயில் கிரிஃபித் எவான்ஸ் இதையொத்த ஒட்டுண்ணியைக் கண்டிருந்தார். புரூஸ் கண்டெடுத்த இனத்திற்கு 1899 இல் திரிப்பனோசோமா புரூசெய் என்று பெயரிடப்பட்டது.

ஈயின் பங்கை அறிய இவர் செய்த சோதனைகள் எளிமையானவை:

- நலமான விலங்குகளைச் சில மணி நேரம் மட்டும் அடிவாரத்திற்குக் கொண்டு சென்றார். அங்கு அவை எதையும் தின்னவோ குடிக்கவோ விடப்படவில்லை. மலைக்குத் திரும்பிய பின் அவை நோயுற்றன.
- அடிவாரத்துப் புல்லையும் நீரையும் மலைக்குக் கொண்டுவந்து நலமான குதிரைகளுக்குக் கொடுத்தார். அவற்றுக்கு நோய் வரவில்லை.
- அடிவாரத்தில் பிடித்த ஈக்களை மலைமேல் இருந்த விலங்குகளைக் கடிக்க விட்டார். நோய் தொற்றியது.
- நோயுற்ற நாயைக் கடித்த ஈக்களைக் கொண்டு நலமான நாய்களைக் கடிக்கச் செய்தும் நோயை உண்டாக்கினார்.

ஆகவே நோய்க்குக் காரணம் புல்லோ நீரோ அன்று. ஈயிடம் இயல்பாக இருக்கும் நஞ்சும் அன்று. ஈ ஒட்டுண்ணியைச் சுமந்து செல்லும் கடத்தி மட்டுமே என்பது உறுதியானது.

ஈ அதை எங்கிருந்து பெறுகிறது என்பது அடுத்த கேள்வி. அடிவாரத்தில் மாடுகளே இல்லாத இடங்களிலும் ஈக்கள் நோயைப் பரப்பின. வேட்டையாடப்பட்ட காட்டு விலங்குகளின் இரத்தத்தைப் புரூஸ் நலமான நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார். எருமை, நூ மான், குடு மான், புதர்மான், கழுதைப்புலி ஆகியவற்றின் இரத்தம் சில நாய்களுக்கு நோயை உண்டாக்கியது. அவ்விலங்குகளோ நலமாகவே இருந்தன. அவற்றின் இரத்தத்தில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருந்ததால் நுண்ணோக்கியில் அரிதாகவே தென்பட்டது. நெடுங்காலம் ஒட்டுண்ணியுடன் வாழ்ந்து பழகிய காட்டு விலங்குகளை அது வருத்தவில்லை. புதிதாக அந்நிலத்தில் நுழைந்த மாடுகளையும் குதிரைகளையும் கொன்றது. காட்டு விலங்குகளோடு நோயைத் தொடர்புபடுத்திய சூலு மக்களின் அனுபவ அறிவு இவ்வாறு ஒரு வகையில் மெய்ப்பட்டது.

இவ்வாய்வுகள் குறித்த முதல் அறிக்கை 1895 இல் வெளிவந்தது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவில் வளர்வதை ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்தது இதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1897 இல் ஆகும். 1899 இல் புரூஸ் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

லேடிஸ்மித் முற்றுகை

1899 இல் இரண்டாம் போயர் போர் தொடங்கியது. நேட்டாலில் உள்ள லேடிஸ்மித் நகரை போயர் படைகள் 1899 நவம்பர் முதல் 1900 பெப்ரவரி இறுதி வரை முற்றுகையிட்டன. புரூசும் மேரியும் நகருக்குள் அகப்பட்டுக்கொண்டனர். புரூஸ் அங்கு இராணுவ மருத்துவமனையை நடத்தி அறுவை சிகிச்சைகளும் செய்தார். மேரி அறுவை அறையில் செவிலியாகப் பணிபுரிந்தார். இப்பணிக்காக மேரிக்கு அரச செஞ்சிலுவை விருது வழங்கப்பட்டது.

உகாண்டாவில் உறக்க நோய்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விக்டோரியா ஏரியின் வடகரையில், இன்றைய உகாண்டாவில், உறக்க நோய் பெருங்கொள்ளை நோயாகப் பரவியது. நோயாளிக்கு முதலில் காய்ச்சலும் நெறிக்கட்டும் காணும். ஒட்டுண்ணி மூளையைத் தாக்கிய பின் குழப்பமும் பகலில் அடங்காத உறக்கமும் ஏற்பட்டு, சிகிச்சை இல்லையேல் இறப்பு நேரும். சில ஆண்டுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஏரிக்கரை ஊர்களும் தீவுகளும் ஆளின்றிப் போயின.

அரச கழகம் அனுப்பிய முதல் குழுவில் இருந்த இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி, நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீர்மத்தில் திரிப்பனோசோமாவைக் கண்டிருந்தார். எனினும் வேறொரு பாக்டீரியாவே காரணம் என்று அவர் அப்போது எண்ணினார். 1903 மார்ச்சில் என்டெபெ நகருக்கு வந்த புரூஸ் இதைக் கேட்டதும் அதன் முக்கியத்துவத்தை உணர்ந்தார். மேலும் பல நோயாளிகளைச் சோதித்து அந்த ஒட்டுண்ணியே காரணம் என்று உறுதிப்படுத்தினார். இக்கண்டுபிடிப்பு யாருக்கு உரியது என்பது பற்றிப் பின்னர் நெடிய சர்ச்சை எழுந்தது.

ஈயைப் பற்றிய ஆய்வில் உள்ளூர் மக்களின் பங்கு பெரிது. ஊர்த்தலைவர்கள், சமயப் பணியாளர்கள், அலுவலர்கள் ஆகியோரிடம் தத்தம் பகுதியில் காணப்படும் கடிக்கும் ஈக்களைப் பிடித்து அனுப்பும்படியும், அங்கு உறக்க நோய் உள்ளதா என்று தெரிவிக்கும்படியும் புரூஸ் கேட்டுக்கொண்டார். வந்து சேர்ந்த ஈக்களைக் கொண்டு ஒரு நிலப்படமும், நோய் பற்றிய செய்திகளைக் கொண்டு இன்னொரு நிலப்படமும் உருவாக்கப்பட்டன. நிழல் அடர்ந்த நீர்க்கரைகளில் வாழும் குளோசினா பல்பாலிஸ் என்னும் செட்சி ஈ இருந்த இடங்களும் நோய் இருந்த இடங்களும் ஒத்துப்போயின. அந்த ஈயைக் கொண்டு குரங்குகளுக்கு நோயைத் தொற்றச் செய்தும் காட்டப்பட்டது.

இதன் அடிப்படையில் ஆளுநர் ஹெஸ்கெத் பெல் 1906 முதல் ஏரிக்கரை மக்களை உள்நாட்டிற்கு இடம்பெயர்த்தார். நோய் தணிந்தது. ஆனால் மீன்பிடித்தும் வாழை பயிரிட்டும் வாழ்ந்த மக்கள் தங்கள் நிலத்தை இழந்தனர். கைவிடப்பட்ட நிலத்தில் புதர் மண்டி, ஈக்கும் காட்டு விலங்குக்கும் ஏற்ற இடமானது.

ஈயின் உடலில் ஒட்டுண்ணி வளர்வதில்லை என்றும், ஊசிமுனையில் ஒட்டிய இரத்தம் போல அது ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்கிறது என்றும் புரூஸ் நெடுங்காலம் கருதினார். இது தவறு என்பதை 1909 இல் செருமானிய மருத்துவர் ஃபிரீட்ரிக் கிளைனெ காட்டினார். ஒட்டுண்ணி ஈயின் உடலில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் வளர்ந்த பின்னரே தொற்றும் தன்மை பெறுகிறது. அப்போது மீண்டும் உகாண்டாவில் ஆய்வு நடத்தி வந்த புரூஸ், அச்சோதனையைத் தாமே திரும்பச் செய்து கிளைனெ கூறியது சரி என்று உறுதிசெய்தார்.

மால்ட்டா ஆடுகள்

1904 இல் மால்ட்டாக் காய்ச்சலை ஆராய அரச கழகம் அமைத்த ஆணைக்குழுவிற்குப் புரூஸ் தலைவரானார். குழுவினர் தூசு, குடிநீர், கொசு, உணவு எனப் பலவற்றைச் சோதித்தும் பயனில்லை. குழுவில் இருந்த மால்ட்டா மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சம்மிட், 1905 இல் சோதனைக்காகச் சில ஆடுகளை வாங்கினார். சோதனை தொடங்கும் முன்பே அவற்றில் பெரும்பாலானவற்றின் இரத்தத்தில் நோய்த்தொற்றின் அடையாளம் இருந்தது. ஆடுகளோ நோயின் அறிகுறி எதுவுமின்றி நன்றாகப் பால் கறந்து வந்தன. வில்லியம் ஹாரக்ஸ் அவற்றின் பாலிலும் கிருமியைக் கண்டார். தீவின் ஆடுகளில் ஏறத்தாழ பாதி தொற்றுக்கு உள்ளாகியிருந்ததும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆடுகளின் பாலில் கிருமி வெளிப்படுவதும் தெரியவந்தன. மால்ட்டாவில் அக்காலத்தில் ஆடுகளை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து பால் கறந்து விற்றனர்.

1905 இல் தற்செயலாக மற்றொரு சான்றும் கிடைத்தது. மால்ட்டாவிலிருந்து அமெரிக்காவுக்கு 60க்கும் மேற்பட்ட ஆடுகளை ஏற்றிச் சென்ற ஜோசுவா நிக்கல்சன் என்னும் கப்பலில், அவற்றின் பாலைக் குடித்த மாலுமிகளுள் பலர் இக்காய்ச்சலுக்கு ஆளாயினர்.

1906 இல் படைவீரர்களின் உணவிலிருந்து ஆட்டுப்பால் நீக்கப்பட்டது. அதற்கு முன் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, ஓரிரு ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. இதற்காக ஓர் ஆட்டைக் கூடக் கொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் இத்தடை படையினருக்கு மட்டுமே உரியது. மால்ட்டாவின் பொதுமக்கள் ஆட்டுப்பாலை அப்படியே குடித்து வந்தனர். நோயும் அவர்களிடையே தொடர்ந்தது. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கும் பாஸ்டர் முறை அத்தீவில் 1938 இல்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆடுகளே நோய்க்கு மூலம் என்ற கண்டுபிடிப்பில் சம்மிட்டுக்கு உரிய பெருமையைப் புரூஸ் போதிய அளவு வழங்கவில்லை என்ற குறை உண்டு. சம்மிட்டுக்கு 1930 இல் சர் பட்டம் வழங்கப்பட்டது.

நியாசாலாந்தும் காட்டு விலங்குகள் பற்றிய விவாதமும்

1908 இல் புரூசுக்குச் சர் பட்டம் கிடைத்தது. 1911 இல் இவர் தலைமையில் மற்றொரு குழு இன்றைய மலாவியான நியாசாலாந்துக்குச் சென்றது. அப்பகுதியில் கண்ட உறக்க நோய் உகாண்டாவில் கண்டதைவிட விரைவாகக் கொல்லும் தன்மையது. ஏரிக்கரையில் அல்லாமல் புல்வெளிக் காடுகளில் வாழும் குளோசினா மோர்சிட்டான்ஸ் என்னும் ஈ அதைப் பரப்பியது. வட ரொடீசியாவில் (இன்றைய சாம்பியா) ஆலன் கிங்கார்ன், வாரிங்டன் யார்க் ஆகியோரும் இதே காலத்தில் இந்நோயை ஆராய்ந்தனர். காட்டு விலங்குகளின் உடலில் மனிதரைத் தாக்கும் ஒட்டுண்ணியும் இருக்கிறது என்பது இவ்விரு ஆய்வுகளிலும் தெரியவந்தது.

இதிலிருந்து புரூஸ் கடுமையான முடிவுக்கு வந்தார். செட்சி ஈ வாழும் பகுதிகளில் காட்டு விலங்குகளைப் பாதுகாக்கும் சட்டங்களை விலக்கிக்கொண்டு, அவ்விலங்குகளை அழிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். வெறிநாய்களை நகரத் தெருக்களில் சட்டத்தின் பாதுகாப்போடு திரிய விடுவதற்கு இதை ஒப்பிட்டார். இலண்டனில் 1913-1914 இல் இப்பொருள் பற்றி விசாரித்த அரசுக் குழுவின் முன்னும் இக்கருத்து எடுத்துரைக்கப்பட்டது.

1903 இல் தொடங்கப்பட்ட பிரித்தானியப் பேரரசின் காட்டுயிர் பாதுகாப்புக் கழகம் இதை எதிர்த்தது. அறிவியலாளர்களிடையேயும் ஒத்த கருத்து இல்லை. பெரிய விலங்குகளை அழித்தால் ஈக்கள் சிறிய விலங்குகளையும் மனிதரையும் நாடலாம் என்றும், அழிவிலிருந்து தப்பிய விலங்குகள் சிதறி நோயை வேறிடங்களுக்குக் கொண்டுசெல்லலாம் என்றும் சிலர் அஞ்சினர். விசாரணைக் குழு பொதுவான அழிப்பைப் பரிந்துரைக்கவில்லை. குறிப்பிட்ட ஓர் எல்லைக்குள் சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்றது. முதல் உலகப் போர் தொடங்கியதால் விவாதம் அத்துடன் நின்றது.

பரிந்துரையின் பின்விளைவுகள்

புரூஸ் உபொம்போவில் ஆய்வு செய்துகொண்டிருந்த 1895 ஆம் ஆண்டில்தான் சூலுலாந்தில் உம்ஃபொலோசி, லூலூவே, செயிண்ட் லூசியா ஆகிய காட்டுயிர்க் காப்பகங்கள் அமைக்கப்பட்டன. அடுத்த ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பரவிய ரிண்டர்பெஸ்ட் எனும் வெக்கை நோய் மாடுகளையும் எருமை முதலான காட்டு விலங்குகளையும் பெருமளவில் கொன்றது. அதன்பின் பல இடங்களில் செட்சி ஈயும் மறைந்தது. காட்டு விலங்கு இல்லையேல் ஈ இல்லை என்னும் கருத்துக்கு இது சான்றாகக் காட்டப்பட்டது.

முதல் உலகப் போருக்குப் பின் காப்பகங்களைச் சுற்றிக் குடியேறிய பண்ணையாளர்கள், நகானாவுக்குக் காப்பகங்களே காரணம் என்று கூறி அவற்றை ஒழிக்கக் கோரினர். 1920 முதல் 1950 வரை பல கட்டங்களாக நடந்த வேட்டைகளில் சூலுலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட காட்டு விலங்குகள் கொல்லப்பட்டன. மிகச் சிலவே எஞ்சியிருந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள் மட்டும் விலக்கப்பட்டன. உம்ஃபொலோசியில் தப்பிய அவற்றின் வழித்தோன்றல்களே 1960களில் ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. தென் ரொடீசியாவில் (இன்றைய சிம்பாப்வே) 1919 இல் தொடங்கிய வேட்டைத் திட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அங்கும் இலட்சக்கணக்கில் விலங்குகள் மடிந்தன.

வேட்டையால் சில இடங்களில் ஈ குறைந்தது உண்மையே. ஆயினும் சூலுலாந்தில் நகானாவைப் பரப்பிய முக்கிய ஈயினம் மறைந்தது, 1940களின் நடுவில் வானூர்திகளிலிருந்து டிடிடி தெளிக்கத் தொடங்கிய பின்னரே ஆகும். ஈயின் வயிற்றில் உள்ள இரத்தம் எவ்விலங்குக்கு உரியது என்று பெர்னார்டு வைட்ஸ் 1950களில் ஆராய்ந்தார். ஈக்கள் காட்டுப்பன்றி, புதர்மான், குடு மான், எருமை போன்ற சிலவற்றையே மிகுதியும் நாடுகின்றன என்பதும், வரிக்குதிரையையும் நூ மானையும் அரிதாகவே கடிக்கின்றன என்பதும் அதனால் தெரியவந்தன. வேட்டைகளில் கொல்லப்பட்ட விலங்குகளுள் பெருந்தொகை நோய்ப் பரவலில் பங்கே இல்லாதவை.

பூச்சியியலாளர் ஜான் ஃபோர்டு 1971 இல் வெளியிட்ட நூலில் வேறொரு கோணத்தை முன்வைத்தார். ஐரோப்பியர் வருகைக்கு முன் ஆப்பிரிக்க மக்கள் குடியிருப்பு, பயிர்த்தொழில், தீயிடல், வேட்டை ஆகியவற்றின் மூலம் புதரையும் விலங்குகளையும் ஓர் எல்லைக்கு அப்பால் நிறுத்தியிருந்தனர். போரும் வெக்கை நோயும் பஞ்சமும் கட்டாய இடப்பெயர்வும் அந்த எல்லையைக் குலைத்ததே பெருங்கொள்ளை நோய்களுக்கு வழிவகுத்தது என்பது அவருடைய கருத்து.

பிற்காலத்தில் ஈயைக் கவரும் நீல, கருப்புத் துணிப்பொறிகளும், மாட்டின் மணத்தையொத்த வேதிப்பொருள்களும், மாடுகளின் மேல் தடவும் பூச்சிக்கொல்லிகளும் வேட்டையின் இடத்தைப் பிடித்தன. சான்சிபாரின் உங்குஜா தீவில் மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைப் பரப்பி 1997 இல் செட்சி ஈ முற்றிலும் ஒழிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் பதிவாகும் உறக்க நோயாளிகளின் எண்ணிக்கை 2018 இல் 1,000க்கும் கீழே வந்தது.

இறுதிக்காலம்

முதல் உலகப் போரின்போது புரூஸ் இலண்டனில் உள்ள அரச இராணுவ மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்தார். போர்க்காயங்களால் வரும் இசிவு நோய், பேன்களால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல் ஆகியவற்றை ஆராய்ந்த குழுக்களுக்கும் தலைமை தாங்கினார். 1919 இல் மேஜர் ஜெனரல் தகுதியில் ஓய்வு பெற்றார். 1924 இல் கனடாவின் டொரண்டோ நகரில் கூடிய பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் தலைவராக இருந்தார். நுரையீரல் நலிவு காரணமாகக் குளிர்காலங்களை மதீரா தீவில் கழித்தார்.

மேரி 1931 நவம்பர் 23 அன்று இறந்தார். நான்கு நாட்கள் கழித்து, நவம்பர் 27 அன்று, மேரியின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்த வேளையில் புரூசும் இறந்தார். இருவரின் சாம்பலும் ஸ்டெர்லிங் கோட்டை அருகே உள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

மேரி புரூஸ்

புரூசின் பயணங்கள் அனைத்திலும் மேரி உடன் பணியாற்றினார். நுண்ணோக்கியில் இரத்தத்தைச் சோதிப்பதும், ஒட்டுண்ணிகளையும் ஈக்களையும் துல்லியமாக வரைவதும் அவருடைய பணிகளாக இருந்தன. உகாண்டா, நியாசாலாந்து ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரும் ஆசிரியர்களுள் ஒன்றாக இடம்பெற்றது. தம் வாழ்க்கையை எழுதுவோர் அதில் மேரியின் பங்கையும் குறிப்பிட வேண்டும் என்று புரூஸ் இறுதி நாட்களில் கேட்டுக்கொண்டார்.

மதிப்பீடு

1920 இல் மால்ட்டாக் காய்ச்சலின் கிருமியும் அதன் இனக் கிருமிகளும் புரூசெல்லா என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டன. இலண்டன் நலவியல், வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் முகப்பில் பொறிக்கப்பட்டுள்ள 23 பெயர்களுள் புரூசின் பெயரும் ஒன்று. பால் டி கிரைஃப் 1926 இல் எழுதிய நுண்ணுயிரியல் வரலாற்று நூலின் ஓர் இயலும் இவரைப் பற்றியது.

நோய் எங்கே தங்குகிறது, எவ்வழியே வருகிறது என்பதைக் காட்டியதில் புரூசின் முடிவுகள் பெரும்பாலும் காலத்தைக் கடந்து நின்றன. மால்ட்டாவில் நோய் வரும் வழியை அடைத்ததே படைவீரர்களைக் காத்தது. ஆப்பிரிக்காவில் இவர் வழியை விட்டுவிட்டு நோய் தங்கும் விலங்கையே அழிக்கச் சொன்னார். பிற்கால ஆய்வாளர்கள் அவ்வழியான ஈயைத் தனித்துக் கட்டுப்படுத்தும் முறைகளைக் கண்டபோது, காட்டு விலங்குகளை அழிக்காமலேயே நோயைத் தடுக்க இயன்றது.